வெள்ளிக் காது

கம்பத்திலிருந்து தேனிக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை, வெளுத்த பழந்துணி உடுத்தி, சன்னல் கம்பியை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எம்மக காதப் பொத்திக்கிட்டு வீல்னு அழுகுறா, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல மதினி” என்றாள் தாய்.

நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

“காது குத்துனா புள்ள அழுகத்தான செய்யும்” என்றாள் மதினி.

“ஊசி இன்னும் கிட்டவே வரல. தாய்மாமன் மடியில உக்காரவச்சு மேளம் அடிச்சாக பாருங்க, அப்பப் பொத்துனா. கூப்பிட்டாத் திரும்பல, செவிடுதான்னு உங்க வீட்டுல அத்தன பேரும் சொன்னீக. செவிட்டுப் புள்ள காதப் பொத்துமா?”

மதினி குழந்தையின் பக்கம் திரும்பினாள். பிறகு, “அப்பப் பேச்சு ஏன் வரல?” என்றாள்.

“தெரியல. புதுச்சட்ட மாட்டுனாலும் நெருப்புப் பட்டாப்புல பிச்சு எறியுறா. அது ஒரு கவல. ஆனா காது கேக்குதுல்ல மதினி. கேக்குதுல்ல.”

“கேட்டா வெள்ளியில காது செஞ்சு போடுறேன்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்ட, சரி. சித்திரைத் திருவிழாவுல போடாம, வெறும் நாள்ல யாரு போவா?”

“திருவிழாவுல எத்தன மேளம். இவ தாங்குவாளா? இன்னைக்குன்னா ஆத்தா தனியா இருப்பா.”

வீரபாண்டி வந்தது. இருவரும் இறங்கினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். மதினி சட்டென்று திரும்பிக் கையை நீட்டினாள்.

“ஏப்பா, ஊதாத. எங்க புள்ளைக்குக் காது நல்லாக் கேக்கும்.”