வரிசைக்கு மறுபக்கம்

— “மாமா, எங்க வீட்டுக்கு மட்டும் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் ஏன் வர்றதில்ல?” திலீலா, இப்படித்தான் எங்கிட்ட கேட்டா தோப்புக்கார ஹம்முவோட பொண்ணு, இஸ்ஸா. போன வெள்ளிக்கிழமை.

— யிதிர் அண்ணே, வாக்கி டாக்கியில கதை பேசுற நேரமா இது? மலையில மழை கொட்டுது. ஆத்துல வெள்ளம் வருதுன்னு அபாயச் சங்கு ஊதிக்கிட்டே இருக்கு. நீங்க கட்டுப்பாட்டு அறையில கண்ணாடிக்குள்ள சுகமா உக்காந்திருக்கீங்க. நான் கரைமேல ஒலிபெருக்கி வரிசைக்குக் கீழே நிக்கிறேன், சத்தத்துல பல்லெல்லாம் ஆடுது.

— பொறு, லல்லா திலீலா. காதுல அழுக்கு இருக்கும், எண்ணெய் விடச் சொல்லுன்னு அவகிட்ட சிரிச்சுட்டு வந்துட்டேன். அது சிரிக்கிற கேள்வி இல்லைன்னு இப்பத் தோணுது.

— ஹம்மு வீடு எங்க?

— ஆத்துப் படுகையில, பேரீச்சந் தோப்புக்குள்ள. கரைக்கு ஒரு பக்கம் ஓட்டல், மறுபக்கம் அவர் வீடு. ஓட்டல் மொட்டைமாடிக்கு நேர் எதிரே.

— நேர் எதிரேயா? எவ்வளவு தள்ளி?

— கரையிலேருந்து மாடி எவ்வளவு தூரமோ, அவ்வளவு.

— இருங்க, இருங்க... யா அல்லாஹ்!

— சொல்லு.

— இந்த இசை விழாப் பாட்டு மாடியில கேக்கக் கூடாதுன்னு ஓட்டல்காரங்க சொன்னாங்கல்ல? நாம ஒவ்வொரு ஒலிபெருக்கிப் பெட்டியோட சத்தத்தையும் நேரத்துல கொஞ்சம் முன்னபின்ன தள்ளி விட்டோம். மாடிக்கு வந்து சேர்றப்ப ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு செத்துப் போகும். மத்த இடத்துல எல்லாம் கேக்கும்.

— அதுக்குத்தானே மாடி பூரா மைக் வச்சு அளந்தோம்.

— மாடியில மட்டும் அளந்தோம். பெட்டிங்க நேர்கோட்டுல நிக்குது அண்ணே. கட்டைச் சத்தம் பெட்டிக்கு முன்னாடி போற மாதிரியே பின்னாடியும் போகும். நேர்கோட்டுக்கு இடம் வலம் தெரியாது. இந்தப் பக்கம் எங்க சாகுதோ, அந்தப் பக்கமும் அதே இடத்துல சாகும்.

— பாங்கு சொல்ற ஹாஜிக்கும் கட்டைக் குரல்தான்.

— சங்கு அதைவிடக் கட்டை. தூரம் போகணும்னுதானே அப்படி வச்சோம். பாட்டு, பாங்கு, சங்கு எல்லாம் ஒரே வழியாத்தான் வெளியே போகுது. ஊரே மேட்டுக்கு ஏறிடுச்சு, ஹம்மு வீட்டுக்காரங்க காதுல எதுவும் விழுந்திருக்காது. போன் பண்ணிப் பாருங்க!

— தோப்புக்குள்ள சிக்னல் எடுக்காது.

— ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?

— உங்க அண்ணி போடுற கூஸ்கூஸைத் தின்னா யாருக்குத்தான் வாங்காது?

— நாய் வேற குரைக்குது.

— அதுக்கும் பயம் இருக்காதா? வழி சொல்லு.

— ஒரே ஒரு பெட்டியை விட்டுட்டு மத்ததையெல்லாம் அணைக்கணும். தனியா ஒண்ணு கத்தினா, எதிர்த்து அடிச்சுக்க ஆள் இல்ல. எல்லாப் பக்கமும் போகும். அங்கேயிருந்தே அணைச்சிடுங்களேன்.

— நீ அங்கேயே ஒயரைப் பிடுங்கு.

— ஹலோ! ஹலோ! விழா மேலாளர் சலாவி பேசுறேன். யாரும் எதையும் தொடக் கூடாது. மாடியில பெரிய மனுஷங்க விருந்துல இருக்காங்க. ஓட்டல் மேட்டுல இருக்கு, அவங்களுக்கு எதுக்குப் பீதி? ஒப்பந்தம்னா ஒப்பந்தம்.

— சீதி சலாவி, கொஞ்சம் கேளுங்க ஐயா, எதிர்ப்பக்கம் ஒரு குடும்பம் இருக்கு.

— வெள்ள நேரத்துல படுகையில எவன்யா உக்காந்திருப்பான்? எப்பவோ ஏறியிருப்பாங்க.

— ஏறலை, சீதி.

— நீ பார்த்தியா, யிதிர்?

— புழுதிப் புயல் அடிச்ச அன்னிக்கு, மாடியில மைக்கெல்லாம் போட்டது போட்டபடி ஓடிட்டோமே, ஞாபகம் இருக்கா? திரும்பி வந்தப்ப ஒவ்வொண்ணும் கம்பளியில சுத்தி இருந்துச்சு.

— ஆமா, ஓட்டல் ஆளுங்க...

— ஹம்மு. வீட்டுல இருந்த கம்பளி அத்தனையும் தூக்கிக்கிட்டு கரையேறி வந்திருக்கார். அன்னிக்கு அவர் பிள்ளைங்க வெறும் பாயில குளிர்ல படுத்துச்சுங்க. நாம ஒரு நன்றிகூடச் சொல்லலை. அந்த மைக்கை வச்சுத்தான் அவர் வீட்டுச் சத்தத்தைக் கொன்னோம்.

— சின்னப் பிள்ளை இருக்கா அங்க?

— ரெண்டு. இஸ்ஸாவும், அவ தம்பியும். தம்பிக்கு இன்னும் நடக்க வரலை.

— எனக்கு டீ குடிக்கணும். இந்த வாக்கி டாக்கியை மேசைமேல வச்சுட்டுப் போறேன். யாரும் எங்கிட்ட எதையும் கேக்கலை, நானும் எதுவும் சொல்லலை.

— அல்லாஹ் உங்க பிள்ளைங்களை நல்லா வைக்கட்டும். திலீலா, சீக்கிரம்!

— பிடுங்கிக்கிட்டேதான் இருக்கேன். அண்ணே, மேல ஆத்துல தண்ணி நிறம் மாறுது. செக்கச்செவேல்னு வருது. முழு மரம் ஒண்ணு மிதந்து வருது.

— அங்க பார்க்காதே. பிடுங்கு.

— பிஸ்மில்லாஹ்... இதுதான் கடைசி. ஆச்சு! ஒத்தைப் பெட்டிதான் ஊதுது. ஆனா அங்க போய்ச் சேருதான்னு எப்படித் தெரியும்? கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லையே!

— சேருது.

— சும்மா ஆறுதல் சொல்லாதீங்க.

— தோப்புக் கடைசியில மரத்து உச்சியில குலை வெட்டிக்கிட்டு இருந்தார் ஹம்மு. நான் தொண்டை கிழியக் கத்தினேன், கேக்கலை. இப்ப சங்கு கேட்டு இறங்கிட்டார். ஓடி வர்றார்.

— அண்ணே... நீங்க எங்க இருக்கீங்க?

— அவங்க முற்றத்துல. அறையைப் பூட்டிட்டு, உன்கிட்ட பேசிக்கிட்டே இறங்கி வந்தேன். யார்கிட்டயும் சொல்லாதே.

— ஐயோ அண்ணே, தண்ணி வந்துடுச்சு! ஏறுங்க!

— அந்தக் கம்பளியிலதான் பிள்ளைங்களைச் சுத்தியிருக்கேன், லல்லா. வாக்கி டாக்கியை அணைச்சிடுறேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்.