கை படாத பச்சை

பழைய காரை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தூசியில் மண் இருக்கிறது, மண் கீறும், அவ்வளவுதான். ஆனால் எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் அல்லவா, ஆரம்பம் இதுதான்.

பழைய கார்களைப் பார்த்து, எந்த நிலையில் இருக்கின்றன, என்ன மதிப்புப் பெறும் என்று சொல்வது என் தொழில். வரவழைப்பார்கள், காபி கொடுப்பார்கள், சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். நான் தெருமுனை தாண்டியதும் தங்கள் இஷ்டத்துக்கு எதையாவது செய்து வைப்பார்கள். அசல் தோல் சீட்டைக் கிழித்துப் போட்டு ரெக்சின் மாட்டியவர் உண்டு. டாஷ்போர்டில் ஓட்டை போட்டு மொபைல் ஸ்டாண்ட் வைத்த டாக்டர் உண்டு. இத்தனை வருஷமாக அந்த எரிச்சலையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், ஒரு பழைய வீடு வாங்கினார். கொல்லைப்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். இடித்துப் பார்த்தால் உள்ளே கார். இடித்த இடத்தில் ஷட்டர் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் எல்லோரையும்விட மூத்த கார். கதவு இடுக்கில், பானெட்டுக்கு உள்ளே, எங்கே பார்த்தாலும் தொழிற்சாலையில் அடித்த அதே பச்சை. ஓர் இடத்தில்கூட மறுபூச்சு இல்லை. அடித்தட்டின் ஓரத்தில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். டிரைவர் பக்க ஜன்னல் விளிம்பில், ஓட்டியவரின் முழங்கை பட்டுப் பட்டு நிறம் தேய்ந்திருந்தது. எவ்வளவு செலவழித்தாலும் அந்தத் தேய்மானத்தை யாராலும் செய்து தர முடியாது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று அக்கா சொல்லியிருப்பாள், அது உண்மைதான்.

"என்ன மச்சான், தேறுமா?" என்றார் அத்தான்.

"இப்படியே விட்டா இதுக்கு ஈடே கெடையாது அத்தான். தொடாதீங்க. ஒரு துணிகூட வேணாம்."

"நல்லா பட்டி பாத்து, செவப்பா பளபளன்னு அடிச்சா இன்னும் வெல ஏறுமே?"

"ஏறாது. பாதியா கொறஞ்சிடும்."

"ஒனக்கு அழுக்குன்னா அப்படி ஒரு ஆசை. சின்ன வயசுல குளிக்கவே மாட்டியாமே, ஒங்க அக்கா சொல்லிருக்கா."

அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

அத்தான் கெட்டவர் இல்லை. என்னை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டதே அவர்தான். ஆனால் சொன்னால் மண்டையில் ஏறாது. அடுத்த வாரம் போனபோது, பின்பக்க மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அடியில் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. "சும்மா, உள்ள எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்றார். தேய்த்த பெயிண்டைத் திரும்ப ஒட்ட முடியுமா? கெஞ்சினேன், படங்கள் காட்டினேன், சண்டையும் போட்டேன். அக்காவிடம் முறையிட்டால், "அவரு காரு, அவரு இஷ்டம். நீ ஏன்டா பிரஷர ஏத்திக்கற?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயிண்டர் வரப்போவதாக அத்தான் சொல்லிவிட்டார்.

நான் சனிக்கிழமை மத்தியானம் போனேன். என்ஜினை ஓடவிட்டுக் கேட்காமல் முழு நிலைமை சொல்ல முடியாது என்றேன். அத்தானுக்கு வாயெல்லாம் பல். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினோம். இருமி இருமிக் கடைசியில் பிடித்துக்கொண்டது.

"ஆக்ஸிலரேட்டர்லேந்து கால எடுத்துடாதீங்க அத்தான். சூடேறற வரைக்கும் லேசா அழுத்திக்கிட்டே இருங்க. நின்னா மறுபடி கெளம்பாது."

"நீ எங்க போற?"

"ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரேன்."

வெளியே காற்று பலமாக இருந்தது. மண் உள்ளே போய்ப் பெயிண்டில் படியக் கூடாது என்று ஷட்டரை இறக்கினேன். பூட்டாவிட்டால் அந்த ஷட்டர் கீழே நிற்காது, அதனால் பூட்டினேன். கார்களோடே காலம் தள்ளியவனுக்குப் புகையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமையலறையில் அக்கா டீ போட்டாள். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு சிலிண்டர் தடுமாறியது, பிறகு சரியானது. நடுவில் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"கூப்புடறாரோ?" என்றாள் அக்கா.

"ஹாரன் வேல செய்யுதான்னு பாக்கறாரு."

வேலை செய்தது. அதுவும் அசல் ஹாரன்தான். பிறகு என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. கால் நழுவியிருக்கும். நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. அத்தனை காலம் அடைந்து கிடந்த என்ஜின், யாருடைய கால் துணையும் இல்லாமல் சீராக ஓடியது. அப்படி ஒரு ஐட்லிங்கை நான் கேட்டதே இல்லை. அக்காவிடம் இன்னொரு டீ கேட்டேன்.

ஷட்டரை நான்தான் திறந்தேன். விபத்து என்றே எல்லோரும் முடிவு செய்தார்கள், நீங்களும்தான். பெயிண்டர் வந்து துக்கம் விசாரித்துவிட்டு டப்பாக்களோடு திரும்பிப் போனார். காரில் புதிதாக ஒரு கீறல் இல்லை. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மனசு உறுத்தித்தான் நானாக வந்திருக்கிறேன் என்று வாசலில் நிற்கும் காவலர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. நான் வந்தது புகார் கொடுக்க. நேற்று அக்கா பழைய இரும்புக்காரரை வரவழைத்திருக்கிறாள். கேஸ் கட்டர் வைத்துக் காரைத் துண்டு துண்டாக அறுக்கச் சொல்லி, கடைசித் துண்டு லாரியில் ஏறும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கருகிய பச்சைத் துகள்தான் தரையில் மிச்சம்.

அத்தான் விஷயத்தில் என்ன வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது நான்தான், தெரிந்துதான் பூட்டினேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்காவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். வாயில்லாத ஒன்றை நிறுத்தி வைத்து அப்படி அறுக்க, ஒரு மனுஷிக்கு எப்படி மனசு வந்தது?