ஐந்து மணி ஆட்டத்துக்கு மாற்று ஆள்

பெரிய பல்கலைக்கழகங்களில் விளையாட்டுப் பிரிவு என்றால் முப்பது நாற்பது பேர் வேலை செய்வார்கள். எங்கள் கல்லூரியில் இரண்டே கால் பேர். நான் முழு ஆள். பயிற்றுநர்கள் இருவர், ஆளுக்கு அரை. அடிபட்டவர்களைப் பார்க்கிற தெரப்பிஸ்ற் கால். நிர்வாகத்துக்கு அனுப்பும் தாளில் அப்படித்தான் எழுதவேண்டும். மற்றபடி மனிதரைக் காலாகவும் அரையாகவும் எண்ணுகிற ஆள் நானில்லை.

தம்பி ஜதுர்சன், நீங்கள் பொலிஸ் அதிகாரிதான், ஆனாலும் என் மகனுடைய வயது, ஆகையால் தம்பி என்றே எழுதுகிறேன். "தமிழ்லயே எழுதுங்கோ அங்கிள், ரேக் யுவர் ரைம்" என்று பேனையையும் தாளையும் வைத்துவிட்டுப் போனீர்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வளர்ப்பு. நானும் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

பதினொரு வருடங்களாக அந்தக் கல்லூரியின் அணிகளை நடத்தினேன். வெக்ஸ்போர்ட்டில் மளிகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே நிற்கிற அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் அதற்கு ஓர் அணி இருக்கிறதென்று யாரும் நம்பமாட்டார்கள். மூன்று இருந்தன. அதில் கரப்பந்து அணிதான் எனக்கு உயிர். பாதிப்பேர் எங்கடை தமிழ்ப் பெடியள். கோடையில் பூங்காக்களில் ஊர்முறைக் கரப்பந்தான ஓவர் கேம் ஆடித் திரிந்தவர்களைப் பிடித்துவந்து, முறையான ஆட்டம் பழக்கி, சட்டை போட்டு நிறுத்தினோம். பயிற்றுநர் பாக்கியராசா பகலில் பஸ் ஓட்டுகிறவர். அவருக்குக் கொடுக்கிற சம்பளம் பெற்றோலுக்கே காணாது. பதினொரு வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட நாங்கள் ஆடாமல் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் நான்.

லீக்கின் விதி ஒன்றிருக்கிறது. மைதானத்தில் தெரப்பிஸ்ற் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. எதிரணிக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டு நாங்கள் தண்டப்பணமும் கட்டவேண்டும். பயிற்சிக்கு அந்த விதி இல்லை. ஆகவே போன செப்ரெம்பரில் நிர்வாகம் எங்கள் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டியபோது, பயிற்சி நாட்களில் தெரப்பிஸ்ற் வருவதை நிறுத்தினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பார்கள்.

எங்கள் தெரப்பிஸ்ற் கௌசி. முப்பத்தொரு வயது, இங்கேயே பிறந்த பிள்ளை. ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி, கணவரோடும் நாலு வயது மகளோடும் இருந்தா. கெட்டிக்காரி. ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பயிற்சிக்கு வருவதை நான் வெட்டியதை அவ விடவேயில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு மின்னஞ்சல். "அங்கிள், திஸ் இஸ் நொட் சேஃப்" என்று. நான் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் போட்டேன். நீங்கள் பார்க்கலாம், எல்லாம் இருக்கிறது.

பெப்ரவரி தொடக்கத்தில் கல்லூரித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கரப்பந்து அணி மாகாணச் சுற்றுக்குப் போனால் இன்னும் மூன்று வருடம் வைத்திருக்கலாம், போகாவிட்டால் வருகிற ஆண்டு அணி கிடையாது என்றார். அணி இல்லாவிட்டால் நானும் அரை ஆளாகிவிடுவேன் என்பதையும் சொன்னார். அது எனக்குப் பெரிய விசயமில்லை. பெடியளை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். கடைசி ஆட்டம் சனிக்கிழமை ஐந்து மணிக்கு. வென்றால் மாகாணச் சுற்று.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் விதுர்சன் விழுந்தான். இருபது வயது, ஆறடி மூன்று அங்குலம். அவன் இல்லாவிட்டால் எங்கள் அணியில் அடிக்க ஆளில்லை. பந்தைப் பொறுக்கப் பாய்ந்தவன் நெட் கட்டுகிற இரும்புக் கம்பத்தில் தலையைக் கொடுத்தான். நல்ல சத்தம். ஒரு நிமிசம் எழும்பவில்லை. பிறகு எழும்பி என்னைப் பார்த்து, "நாங்கள் எத்தினையாவது செற் அங்கிள்?" என்றான். பயிற்சியில் செற் ஏது. ஐஸ் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

பெடியள் சொல்லிக் கேள்விப்பட்டு, வியாழக்கிழமை கௌசி அவனை வரச்சொல்லிச் சோதித்தா. அவன் இரண்டு தரம் வாந்தி எடுத்திருக்கிறான், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். மூன்று கிழமை விளையாடக்கூடாது என்று எழுதிவிட்டா. அவனுடைய தாய் கோணேஸ்வரிக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறா. அந்தத் தாய் மட்டக்களப்புப் பக்கம். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. தகப்பன் இல்லை, இவன் ஒரே பிள்ளை. அன்று தொடக்கம் கௌசி சொல்வதுதான் அவவுக்கு வேதவாக்கு.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே கௌசி வந்துவிட்டா. நான் சாமான் அறையில் இருந்தேன். நெட், பந்துகள், பாய்மெத்தைகள் எல்லாம் அங்கேதான். அவ உள்ளே வந்து கதவைச் சாத்தினா. விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்.

"அங்கிள், திங்கட்கிழமை லீக்குக்கு ரிப்போர்ட் அனுப்பப்போறன். பயிற்சியில தெரப்பிஸ்ற் இல்லை, அடிபட்டவனை நீங்கள் பஸ்ஸில அனுப்பினது, எல்லாம் அதில இருக்கு. உங்களுக்குத் தெரியாமச் செய்யக்கூடாது எண்டுதான் சொல்லுறன்."

"அனுப்பு பிள்ளை. நான் தடுக்கேல்லை. இண்டைக்கு மட்டும் அவனை விடு. ஒரு மட்ச்தானே."

"நோ."

"அவனே ஓமெண்டு நிக்கிறான்."

"அவனுக்கு இருபது வயசு, அவன் ஓமெண்டுதான் சொல்லுவான். திரும்ப ஒரு அடி விழுந்தா அவன் எழும்பமாட்டான் அங்கிள். செத்தாலும் சாவான். உங்களுக்கு விளங்குதோ?"

"கண்டறியாத அடி. நாங்களெல்லாம் விழுந்தெழும்பித்தானே விளையாடினாங்கள்?"

அவ சிரித்தா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பிறகு திரும்பி, தன்னுடைய பையைத் தூக்கக் குனிந்தா.

நெட்டை இறுக்குகிற கைப்பிடி என் கையில் இருந்தது. ஒன்றரை அடி இரும்பு. நெட் கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்ததுதான், வேறு நோக்கம் இல்லை. காதுக்குப் பின்னால் அடித்தேன். அவ முழங்காலில் விழுந்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மற்றக் கையால் தலையைத் தொட்டுப் பார்த்தா. ஏதோ தட்டுப்பட்டதென்று நினைத்தமாதிரி இருந்தது. இரண்டாவது அடியில் மண்டை உடைந்த சத்தம் கேட்டது. மூன்றாவது தேவையில்லாமல் இருந்திருக்கலாம். பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

இரத்தம் நான் நினைத்ததைவிட அதிகம். பழைய சட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன, துடைத்தேன். அவவை மூலைக்கு இழுத்து, மேலே நாலு பாய்மெத்தைகளை அடுக்கினேன். அப்போதும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகை இல்லை, குறட்டை மாதிரி. வெளியே ஒரு பெடியன் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான், கதவோ மெல்லிய பலகை. நான் காற்றடிக்கிற மெசினைப் போட்டேன். அது நல்ல இரைச்சல். அன்றைய ஆட்டத்துக்கு எப்படியும் காற்று அடிக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு பந்துகளையும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து, அளவு கருவியை வைத்துச் சரிசெய்தேன். கடைசிப் பந்து முடிந்து மெசினை நிறுத்தினபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குத் திக்கென்றது. ஐந்து மணி ஆட்டத்துக்குத் தெரப்பிஸ்ற் இல்லை.

நீங்கள் நேற்று என்னிடம் கேட்டது இதைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை கௌசியின் கணவர் தேடி வந்து, கார் தரிப்பிடத்தில் அவவின் கார் அப்படியே நிற்பதைக் கண்டு பொலிசுக்குச் சொல்ல, உங்கள் ஆட்கள் அறையைத் திறந்து அவவை எடுத்தார்கள். நான் உங்களிடம் சொல்லியிருந்தேன், கௌசி நாலு மணிக்குத் தலையிடியென்று போனவ, பிறகு நான் காணவில்லை என்று. நல்ல பொருத்தமான பொய். நீங்கள் என்னுடைய போனைப் பார்த்துவிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டீர்கள்.

"அங்கிள், நாலு மணிக்குச் சுகமில்லாமப் போனவவுக்கு ஒண்டு அம்பதுக்கே ஏன் ஆள் தேடினீங்கள்?"

வேறொருவன் என்றால் முதலில் கை கழுவியிருப்பான், இல்லாவிட்டால் ஓடியிருப்பான். நான் கிளடிசுக்கு அழைத்தேன். கிளடிஸ் வேறு கல்லூரிகளுக்குக் கூலிக்கு வருகிற தெரப்பிஸ்ற். ஓராள் வராவிட்டால் இன்னோராளைப் பிடிக்கவேண்டும், ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னாலாவது பிடிக்கவேண்டும். பதினொரு வருடமாக என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. "நாலரைக்கு நிற்பன் அண்ணை" என்று அவ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு கை கழுவினேன்.

ஆட்டம் நடந்தது. சாமான் அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். விதுர்சன் முதல் இரண்டு செற்றிலும் பிசாசு மாதிரி விளையாடினான். பாக்கியராசா என்னைக் கட்டிப்பிடித்தார். மூன்றாவது செற்றைத் தோற்றோம். நாலாவதில் எதிரணிக்காரன் ஒருவன் அடித்த பந்து நெட்டைத் தாண்டி நேரே விதுர்சனின் முகத்தில் பட்டது. கரப்பந்தில் அது தினமும் நடக்கிற ஒன்று. அவன் நின்றபடியே என்னைப் பார்த்தான். ஒரு கண்மணி பெரிதாக இருந்தது. பிறகு கால்கள் மடிந்து, தலை பலகை நிலத்தில் அடிபட, விழுந்து உதறத் தொடங்கினான். வாயில் நுரையும் இரத்தமும். நாக்கைக் கடித்திருந்தான். கிளடிஸ் ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இவனை ஆர் விட்டது? ஆர் விட்டது?" என்று கத்தினா. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. மற்றவர்கள் மிச்ச ஆட்டத்தை ஆடினார்கள், நான்தான் ஆடச் சொன்னேன். மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம்.

அவன் இப்போது ஆஸ்பத்திரியில், மூச்சு மெசினில் இருக்கிறான். மண்டையின் ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்திருக்கிறார்களாம். தாய் பக்கத்தில் இருக்கிறா, அவன் கண் திறக்கவில்லை. திறக்கமாட்டான் என்று வைத்தியர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள்.

கிளடிஸ் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் சரியான பதில் எழுதவில்லை, ஆகையால் நான் எழுதுகிறேன். விளையாட அனுமதிக்கும் தாளில் கௌசியின் கையெழுத்து இருக்கிறது. கிளடிஸ் அதை நம்பினா, பாக்கியராசாவும் நம்பினார். கோணேஸ்வரி ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் முன்னால் கௌசியின் பெயரைச் சொல்லித் திட்டினாவாம், செத்த பிள்ளை என்றும் பாராமல். உடலை வாங்க வந்திருந்த கௌசியின் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாராம். அது சரியில்லை. கௌசி கடைசிவரைக்கும் மாட்டேன் என்றுதான் சொன்னா. அந்தக் கையெழுத்து என்னுடையது. நாலு மணி போல, சாமான் அறைக்கு முன்னால் கிடக்கிற மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாலரைக்குக் கோணேஸ்வரி வேலை இடைவேளையில் எனக்கு ரெலிபோன் எடுத்தா. பின்னால் தட்டுகள் உருள்கிற சத்தம்.

"அண்ணன், மகன் விளையாடப்போறன் எண்டு அடம்பிடிக்கிறான். கௌசிப் பிள்ளை ஓம் எண்டு சொன்னாவா? அவ சொன்னா நான் விடுறன். இல்லாட்டி இப்பவே டக்சி பிடிச்சு வந்து கூட்டிக்கொண்டு போயிருவன்."

"ஓம் தங்கச்சி. இப்பதான் பார்த்தவ. ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

"அவவோட ஒருக்காக் கதைக்கலாமா அண்ணன்? மனசு கேக்குதில்ல."

"அவ வேலையா நிக்கிறா தங்கச்சி. நான் இருக்கிறன்தானே. என்ரை பிள்ளை மாதிரிப் பார்ப்பன்."

அவ அழுதா. "நீங்க சொன்னாச் சரி அண்ணன்" என்றா. நிம்மதியாக வேலைக்குத் திரும்பிப் போனா. தம்பி, இதையெல்லாம் வாசித்துவிட்டு என்னைப் பற்றி நீங்கள் எதையும் நினைக்கலாம், ஆனால் அந்தத் தாய்க்கு அந்த நேரம் ஆறுதல் சொல்ல என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள் என்பதையும் ஓரிடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.