மச்சினனின் ஆம்ப்ளிஃபயரில் நான் செய்த சில மாற்றங்கள்

ஐயா, உங்கள் வீட்டு அழைப்பு மணி இரண்டு தடவை அமுக்கினாலும் அடிப்பதில்லை. உள்ளே ஏதோ ஒயர் தளர்ந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நேற்று உங்களிடம் பேச வந்து, இரண்டு தடவை அமுக்கிவிட்டு, மூன்றாவதற்குத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். சம்பந்தி என்று கூப்பிடக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

நான் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன். உங்கள் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கிடார்காரன் என் மனைவியின் தம்பி. "கிடார்தான் பொழப்புன்னா எங்க மன்றத்து விழாவுல வந்து வாசிக்கட்டும். கேட்டுட்டுப் பொண்ணைக் குடுக்கறதைப் பத்திச் சொல்றேன்" என்று நீங்கள் சொல்லியனுப்பிய அன்றே, அவன் தன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

"மாமா, சத்தம் வருது, டோன் வரல. தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கு. என் கல்யாணமே உங்க கையிலதான் இருக்கு" என்றான்.

"என்னங்க, இது ஒண்ணையாவது ஒழுங்காப் பண்ணிக் குடுங்க" என்றாள் அவன் அக்கா. அந்த 'ஒண்ணையாவது' எனக்கு உறைத்தது.

சத்தத்தில் குறை என்றால் எங்கள் தொழிலில் ஸ்பீக்கரில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போவோம். ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து, குறையுள்ளதைக் கழற்றிவிட்டு வேறு வைப்போம். ஸ்பீக்கரை மாற்றினேன். கண்ணாடிக் குழாய் வால்வுகளை மாற்றினேன். வயதான கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதியவை வைத்தேன். தகரம் தகரமாகவே இருந்தது. குமிழ், ஒயர், பிளக் என்று வந்து, கிடாரின் கம்பிகளையும் மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். கம்பிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்தது என் மச்சினன் மட்டும்தான்.

அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தங்கமான பையன். ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி, எதையும் அரை நொடி முன்னாலேயே தொட்டுவிடுவான். சுண்டு விரல் கம்பியில் முழுசாக அழுந்தாது. சொல்லிப் பார்த்தேன். "அது என் ஸ்டைல் மாமா" என்றான். விழாவுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. குறையுள்ள பாகத்தைத் திருத்த நேரமில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

நானும் கல்யாணத்துக்கு முன்பு வாசித்தவன்தான். பழுது பார்த்த பெட்டியைச் சோதிப்பதற்காக இப்போதும் நாலு வரி வாசித்துக் காட்டுவேன். கேட்கிறவர்கள் பிரமாதம் என்பார்கள். ஆம்ப்ளிஃபயரைச் சொல்வார்கள்.

அவனுடைய சின்னப் பெட்டியில் இருந்ததையெல்லாம் இடுப்பு உயரப் பெட்டி ஒன்றுக்கு மாற்றினேன். நாலு ஸ்பீக்கர் வைக்கிற பெட்டி அது. மூன்றை எடுத்துவிட்டு ஒன்றை மேல் மூலையில் நிறுத்தினேன். நடுவே கனமான பலகை அடித்துப் பஞ்சு திணித்தேன். பின்புறத்தில் காற்றுக்கு வரிசையாக ஓட்டைகள் போட்டேன். வால்வு சூடாகும் என்று அவனிடம் சொன்னேன், அது உண்மையும்கூட. அடியில் ஒரு தலையணை வைத்தேன். பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வளையம் பொருத்தினேன்.

விழாவன்று மத்தியானம் பின்பலகையை மூடியது என் மனைவி.

"நாலு ஸ்குரூவையும் முடுக்கட்டுமா?"

"ரெண்டு போதும். எதுக்கும் இருக்கட்டும்."

"உள்ள தும்மிக் கிம்மித் தொலைச்சுடாதீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு அக்கறையாகப் பேசியது அன்றுதான்.

மன்றத்து மேடைப் படியில் ஆள் போதாமல் நீங்களே ஒரு மூலையைப் பிடித்தீர்கள். "என்னப்பா, பொட்டிக்குள்ள அம்மிக்கல்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். "நல்ல டோன்னா கனமாத்தான் இருக்கும்" என்று என் மனைவி சமாளித்தாள். ஐயா, அந்தக் கனம் என்னுடையது. நான் ஒல்லிதான். ஆனால் மடியில் கிடாரும் இருந்தது.

அவன் கிடாரின் ஒயர் பெட்டிக்குள் வந்து என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் முடிந்தது. என் கிடாரின் ஒயர் ஸ்பீக்கருக்குப் போனது. அவன் வாசிக்க வாசிக்க, அதையே நான் திருத்தி வாசித்தேன். அவன் சந்தேகப்படவில்லையா என்று கேட்பீர்கள். நாம் இவ்வளவு நன்றாக வாசிக்கிறோமே என்று இதுவரை எவன் சந்தேகப்பட்டிருக்கிறான்? மூன்று பாட்டு கச்சிதமாகப் போனது. மூன்றாவதில் ஒரு தும்மல் கேட்டிருக்கும். பக்கத்திலிருந்தவரிடம் "கரண்ட் ஏத்த இறக்கம்" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி.

நாலாவது பாட்டில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. அதற்குள் மூன்று தடவை கைதட்டல் வாங்கிவிட்டான் அல்லவா, பையனுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. உங்கள் மகள் முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறான். ஓட்டம் நின்றது. சுண்டு விரல் அழுந்தியது. ஒவ்வொரு சுரத்திலும் நின்று, அதைக் கொஞ்சி, மனசே இல்லாமல் அடுத்ததற்குப் போனான். அந்த மாதிரி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவன் வாசித்ததைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

என் வலது முழங்கால் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. என் கம்பி அறுந்தால் சமாளிக்கலாம் என்று வைத்தது. தட்டினால் அவன் வாசிப்பு நேராக ஸ்பீக்கருக்குப் போகும். விரலை அதன்மேல் வைக்கவும் செய்தேன். ஆனால் பாட்டின் நடுவில் டோன் மாறினால் கேட்கிறவர்களுக்கு உறுத்தும் என்று யோசித்தேன். தட்டவில்லை. பாட்டு முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. நாலு நிமிடமும் தட்டவில்லை.

பிறகு நீங்கள் மேடையேறி, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே அவனிடம் சொன்னீர்கள்: "கணக்காத்தான் வாசிக்கறீங்க தம்பி. ஆனா உசுரு இல்ல. மனசில்லாம வாசிக்கறவன் மனசில்லாமத்தான் குடும்பம் நடத்துவான். பொண்ணு குடுக்க மாட்டேன்." உள்ளே இருந்து ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். இரண்டே ஸ்குரூதான். உதைத்துத் திறந்திருக்கலாம்.

பதினோரு நாளாக அவன் கிடாரைத் தொடவில்லை. சரியாகச் சாப்பிடுவதுமில்லை. "எனக்கு வரலன்னு தெரிஞ்சுபோச்சு மாமா" என்று என்னிடமே சொல்கிறான். என் மனைவிக்கு இந்த ஸ்விட்ச் சமாச்சாரம் தெரியாது. தெரிந்தால் என்னை மறுபடி உள்ளே வைத்து நாலு ஸ்குரூவையும் முடுக்கிவிடுவாள்.

எனவே ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன வாசிப்பு அவனுடையதல்ல, என்னுடையது. எல்லாம் அவன் நல்லதுக்காகச் செய்தேன். அவனைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒரு தடவை கேளுங்கள். ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், சும்மாவே வாசிக்கட்டும். கேட்டால் நீங்களே தேதி குறித்துவிடுவீர்கள்.

இன்னொன்று. உசுரு இல்லை என்றது நாலு பாட்டுக்குமா? இரண்டாவதின் நடுவில் நான் வாசித்த இடத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பெட்டிக்குள் கையை நீட்டக்கூட இடமில்லை, அதையும் யோசிக்க வேண்டும். அவனைக் கூப்பிடும் அன்று எனக்கும் ஓர் அரைமணி ஒதுக்கினால் வெளியே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். என்னை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள் ஐயா. அவன் வாசித்த பிறகு என்னுடையது எடுபடாது.