வலது கன்னம்

ஜன்னல் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுகிறது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். திரையைப் பார்த்தே இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் எந்த வெளிச்சமும் ஒத்துக்கொள்வதில்லை. இது போதும், ஐயா. நன்றி.

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். படம் எடுப்பவர் முதலாளி. எடுத்த படத்தைக் கணினியில் சரிசெய்பவன் நான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் பரு, மாப்பிள்ளைக்குப் பின்னால் தலைகாட்டும் குப்பைத்தொட்டி, இப்படித்தான். இவை போக, யாரும் கேட்காமல் நானாகச் செய்யும் திருத்தங்களும் உண்டு. அழுது வீங்கிய மணப்பெண்ணின் இமை. பக்கவாதத்தில் கோணிப்போன ஒரு சித்தப்பாவின் உதடு. அந்தத் திருத்தங்களை மட்டும் படத்தின் ஃபைலுக்குள் ஒரு தனி குரூப்பில் போட்டு, அதற்கு 'அன்பளிப்பு' என்று பெயர் வைப்பேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். சின்ன நன்மைகளைச் சத்தம் போடாமல் செய்ய வேண்டும் என்று நம்புகிறவன் நான்.

நீங்கள் கேட்கும் பெரியவரும் அப்படித்தான் என் கைக்கு வந்தார். வாட்ச் ரிப்பேர் செய்பவர். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் மகளுக்குக் கல்யாணம். மகள் தையல் கடை வைத்திருக்கிறாள். அவருக்கு வலது கன்னம் முழுக்கத் தோல் வெளுத்து வெண்படை. குடும்பப் படத்தில் அவர் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

செய்முறையைக் கேட்டீர்கள். முகத்தின் மேல் கண்ணாடித்தாள் போல இன்னொரு லேயர் வைத்து, அதில் அவருடைய இடது கன்னத்தின் நிறத்தை நிரப்பினேன். அதற்கு ஒரு மாஸ்க் போட்டேன். மாஸ்க்கில் கறுப்பு இருக்கும் இடத்தில் லேயர் மறைந்திருக்கும். வெள்ளை பூசிய இடத்தில் தெரியும். வெண்படை இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை பூசினால் அங்கே நல்ல தோல் வந்துவிடும். கீழே இருக்கும் உண்மையான முகத்துக்கு ஒன்றும் ஆகாது. குரூப்புக்குப் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் இருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினால் பழைய முகம் திரும்பிவிடும்.

ஆல்பம் வாங்க வந்தவர் தன் படத்தையே காட்டி, "யாருப்பா இந்த மாப்பிள்ளை, நம்ம மாப்பிள்ளைய விட ஜோரா இருக்கான்?" என்று மகளைச் சீண்டினார். அவள், "போங்கப்பா, உங்களுக்கு வேற வேலையில்ல" என்றாள். பிறகு அவர் அந்தக் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இந்த மூஞ்சியப் பார்த்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு, தம்பி" என்றார். அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது.

அதற்கப்புறம் அவருக்கு மறதி நோய் வந்தது. சென்ற மாதம் ஒருநாள் காலை கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. மகள் மூச்சிரைக்க ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"அண்ணா, அப்பாவைக் காணோம். கடை தொறக்கணும்னு கெளம்பியிருக்காரு. கடையைக் கொடுத்தே ரெண்டு வருஷமாச்சு. என் கல்யாணப் படத்துலேருந்து அவர் முகத்தை எடுத்து நோட்டீஸ் போட்டுக் கொடுங்க. வலது கன்னத்துல வெண்படைன்னு மறக்காம எழுதிருங்கண்ணா. அதைப் பார்த்தா யாருக்கும் சட்டுனு தெரிஞ்சிரும்."

அப்பா திரும்பி வரும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது என்று உடனே வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

நான் ஃபைலைத் திறந்தேன். அன்பளிப்பு குரூப்பின் கண் திறந்திருந்தது. தட்டப் போனேன், தட்டவில்லை. மறந்துபோய் விட்டதாக நீங்கள் எழுத வேண்டாம். யோசித்துத்தான் விட்டேன். தெரியாத ஊராரின் கண்ணெல்லாம் ஒரு மனிதரின் குறைமேல் விழுவது எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தில் இல்லாததை எழுத்தில் போட்டால் பொருந்தாது என்பதால் அந்த வரியையும் விட்டேன். 'மாநிறம், கண்ணாடி அணிந்தவர்' என்று போட்டேன். நோட்டீஸை வாங்க வந்த மருமகன் தொலைபேசி எண் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒட்டக் கிளம்பினார்.

நான்காம் நாள் ஒரு நர்ஸம்மா அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். எங்கள் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சார், எங்க வார்டுல ஒருத்தர் பேர் ஊர் சொல்லத் தெரியாம கெடக்காரு. ரோட்டுல விழுந்து கெடந்தாராம். ஜாடை அப்படியே இவரேதான். ஆனா அவருக்கு ஒரு கன்னம் பூரா வெள்ளை. இவரோட அண்ணன் தம்பி யாராவது இருப்பாங்களா?"

முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். இருபத்தோரு வருடத்தில் என் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

"இல்லம்மா. இவர் முகம் சுத்தமா இருக்கும்" என்றேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். மதியம் ஒரு பள்ளிக்கூடத்தின் குரூப் போட்டோ வந்துவிட்டது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அதனால் மறுநாளும் கூப்பிடவில்லை.

ஆறாம் நாள் அவளே வந்தாள். கையில் நோட்டீஸ் இருந்தது.

"அண்ணா, வெண்படைன்னு போடலையே. படத்துலயும் தெரியல."

"வேணும்னுதான்மா விட்டேன். காணலன்னு நோட்டீஸ் போட்டாலே, பார்த்தேன்னு பொய் சொல்லிக் காசு கேக்கிறவங்க கெளம்பிடுவாங்க. ஒரு அடையாளம் நம்ம கையில இருக்கணும். அதைச் சரியாச் சொல்றவங்கதான் நெஜமாப் பார்த்தவங்க."

"எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

எட்டாம் நாள் விடுமுறை. நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கல்நெஞ்சன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சுவரோரம் மூன்றாவது கட்டில். நர்ஸம்மா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போன பிறகு நான் பெரியவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். போர்வையை இழுத்துக் கால்வரை மூடினேன். அவர் கண்ணைத் திறந்து, "பாப்பா வந்துட்டாளா?" என்றார்.

"வந்துட்டே இருக்கா" என்றேன்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வரும்போது நர்ஸம்மா, "தெரிஞ்சவரா சார்?" என்று கேட்டார். துணையில்லாமல் கிடக்கிறாரே என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். "இந்த மனசு யாருக்கு சார் வரும்" என்றார்.

பதினொன்றாம் நாள் அவர் இறந்துபோனார். யாரும் இல்லாத உடலின் படத்தை அறிவிப்புப் பலகைக்காகச் சரிசெய்து பெரிதாக்க உங்கள் காவல் நிலையத்திலிருந்து எங்களிடம்தானே அனுப்புவீர்கள். மறுநாள் காலை அவர் படம் என் திரைக்கு வந்தது. காணவில்லை என்று என் நோட்டீஸை வைத்தே புகார் கொடுத்திருந்த அவர் மகள் வாரத்துக்கு இரண்டு முறை உங்கள் நிலையத்துக்கு வந்து அந்தப் பலகையின் முன் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு லேயரை வைத்து அவருடைய வெண்படையின் வெளிறிய நிறத்தை நிரப்பினேன். மாஸ்க்கில் இடது கன்னத்தைத் திறந்தேன். பிறகு நெற்றி. பிறகு மூக்கும் தாடையும். விளிம்பை மென்மையாக்கினேன், அது இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது போல இருக்கும். முக்கால் மணி நேரம் ஆனது. இந்த முறை குரூப் எதுவும் வைக்கவில்லை. எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்துச் சேமித்துவிட்டு, நீங்கள் அனுப்பிய மூலப் படத்தையும் அழித்தேன். அப்படிச் சேர்த்துவிட்டால் எது தோல், எது பூச்சு என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

நாலு நாள் கழித்து அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"போர்டுல ஒரு பெரியவர் படம் பார்த்தேண்ணா. ஒரு நிமிஷம் உசிரே போயிருச்சு. அப்புறம் பார்த்தா மூஞ்சி பூரா வெள்ளை. நம்ம அப்பாவுக்கு ஒரு கன்னம்தானே."

"ஆமாம்மா. ஒரு கன்னம்தான்."

"யாரைப் பெத்த அப்பாவோ, பாவம்" என்றாள்.

அன்றும் உடல் சவக்கிடங்கில்தான் இருந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் புதைத்தார்கள்.

ஏதோ வேலையாக உங்கள் நிலையத்துக்கு வந்த நர்ஸம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "நான் தெனமும் தொடச்ச முகம் இது இல்ல" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் சொன்னது சரி. நல்ல அம்மா. நோட்டீஸ், பலகைப் படம், இரண்டும் என் கைவேலைதான். தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஐயா. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். சொல்லாமலே விட்டுவிடுங்கள். அவள் இன்னும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சோறு வடிக்கிறாள். பகலில் கதவைச் சாத்துவதே இல்லை. அந்த நம்பிக்கையை நான்தான் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அவள் மனத்தை உடைக்கும் பாவத்தை நான் செய்யவில்லை, நீங்களும் செய்துவிடாதீர்கள்.