கடலைப் பார்த்துப் போட்ட நாற்காலிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஊர்த் தலைவர் அவர்களே, டீச்சரின் பிள்ளைகளே, ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் சிரமம் பாராமல் வந்திருக்கும் எங்கள் மூத்தோர் சங்கத்து உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் ருபெர்த்தோ. இந்த சான் ரொகே துறையிலிருந்து எதிர்த்தீவுக்குப் படகு ஓட்டியவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மெல்ச்சோரா சுமகாய்சாய் அம்மையாரைப் பற்றிப் பேசப் பழக்கம் எதற்கு?

யார் இந்த மெல்ச்சோரா டீச்சர்? இந்தக் கூடத்தில் பாதிப் பேர் சிறு வயதில் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். விளையாட்டு ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. மகன் அன்போடுதான் அவரைத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்தார். சில நாள் பார்த்தவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"நல்ல தொடர்தான்டா. ஆனா அதுல வர்றவங்க எல்லாரும் வெளிய போயிட்டு வர்றாங்க. நான் மட்டும்தான் உள்ளயே கிடக்கேன். என்னைத் துறைக்குக் கூட்டிட்டுப் போ."

அன்று துறைப் பாலத்தில், கடலைப் பார்த்து ஒரு நாற்காலி. கையில் தூண்டில். சிக்கியது விரல் நீள மீன்தான். அதைக் காட்டிக் காட்டியே, சக்கர நாற்காலியில் தெருத்தெருவாகப் போய், எங்களைப் போல வீட்டில் முடங்கிக் கிடந்தவர்களின் கதவைத் தட்டினார்.

பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன லியோனிலா அக்காவின் வீட்டில் மருமகள் தயங்கினாள். "அத்தைக்கு ஒரு கைதான் டீச்சர் வேலை செய்யும்."

"தூண்டில் பிடிக்க எத்தனை கைம்மா வேணும்?" என்று கேட்டார் டீச்சர். நாற்காலிக் கையில் ஒரு குழாயைக் கட்டி, அதில் தூண்டிலைச் செருகிக் கொடுத்தார். மீன் பிடிக்கப் பிடிக்காதவர்களுக்குக் கடற்சுவர் ஓரமாக இடுப்பு உயரத்தில் மரப்பெட்டிகள் வைத்து, குனியாமலே மிளகாயும் கத்தரியும் நடச் செய்தார். உட்கார்ந்தபடியே பந்து எறியவைத்தார். பிறகு சுட்ட மீனும் சோறும், தொட்டுக்கொள்ள மிளகாய் ஊறிய காடியும். அந்தக் காலைகளில் எங்களில் யார் நோயாளி? ஒருவரும் இல்லை.

பிறகுதான், எங்களோடு சக்கர நாற்காலியில் தூண்டில் போட வந்த நார்பெர்த்தோ பாலத்திலிருந்து விழுந்தார். மீன் தூண்டிலை இழுத்த இழுப்பில் எட்டிப் பார்த்தார், நாற்காலி உருண்டது, ஆளும் நாற்காலியும் தண்ணீருக்குள். மீனவர்கள் உடனே தூக்கிவிட்டார்கள். முழங்கை சிராய்த்ததோடு சரி. ஆனால் அன்று மாலையே இதே கூடத்தில் கூட்டம். முதியவர்கள் இனிமேல் பாலத்துக்குப் போகக்கூடாது என்றார் தலைவர். நான் இதைச் சொல்வதற்கு அவர் கோபிக்க மாட்டார்.

நார்பெர்த்தோவின் மூத்த மகன் எழுந்தார். "அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா யார் டீச்சர் பதில் சொல்றது?"

"நான்தான். சக்கரத்துக்குப் பூட்டு போட்டாரான்னு நான் பார்த்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அப்போது முழங்கையில் கட்டோடு நார்பெர்த்தோ வாயைத் திறந்தார். "டேய், நான் நம்ம வீட்டுக் குளியலறையில ரெண்டு தடவை விழுந்தேன். அதை எவன்டா இழுத்துப் பூட்டினான்?"

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "பாலத்து ஓரத்துல தடுப்புக்கட்டை வேணும்னு சொல்லுங்க. மிதவைச் சட்டை போடச் சொல்லுங்க. பக்கத்துல ஆள் நிக்கணும்னு சொல்லுங்க. எல்லாத்தையும் செய்றோம். வீட்டுக்குள்ளயே இருங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அது எங்களால முடியாது."

மறுவாரம் தலைவரே மரக்கட்டைகளோடு வந்தார். கூடவே தம் தாயாரையும் அழைத்து வந்தார். கேள்வி கேட்ட அந்த மகன்தான் இன்றைக்கு எங்கள் நாற்காலிகளைத் தள்ளும் தொண்டர்களில் முதல் ஆள். டீச்சர் யாரையும் தோற்கடிக்கவில்லை. எல்லோரையும் தம் பக்கம் உட்காரவைத்துக்கொண்டார்.

திருவிழாப் படகுப் போட்டியை யாரால் மறக்க முடியும்? இருபுறமும் மூங்கில் மிதவை கட்டிய மூன்று படகுகளில், சாய்மானம் வைத்த இருக்கைகளில், நாங்கள். முதல் படகில் விசிலோடு டீச்சர். சுக்கான் என் கையில். மீனவரின் விதவையான லியோனிலா அக்கா, நோயில் விழுந்த பிறகு அன்றுதான் கடலுக்குள் வந்தார். நல்ல கையைத் தண்ணீரில் விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "அதே உப்புதான்" என்றார்.

கடைசியாகத்தான் வந்தோம். கரை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கொஞ்சம் வருத்தம். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு மூஞ்சைத் தூக்கி வச்சிருக்க ருபெர்த்தோ? எல்லாரையும் விட நாமதான் அதிக நேரம் கடல்ல இருந்திருக்கோம்."

போன ஞாயிறு காலை அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அழுதோம். அழுது முடித்தோம். அவரைப் பெற்றிருந்தது இந்த ஊரின் பெருமை; அவரோடு வெயிலில் உட்கார்ந்திருந்தது எங்கள் பெருமை.

இனி அவர் வேலையை யார் செய்வது? நாங்கள்தான். தேவாலயத் தெருவில், மாடி வீட்டில், யுசேபியோ பல்மாரெஸ் இருக்கிறார். இடுப்பு உடைந்த நாளிலிருந்து கீழே இறங்கவில்லை. அவர் மகள் தெசா அந்தத் தூணருகே நிற்கிறாள்.

தெசா, சனிக்கிழமை காலையில அப்பாவுக்குத் தொப்பியை மட்டும் போட்டு வைம்மா. நம்ம படகுக்காரப் பசங்க நாற்காலியோட தூக்கிட்டு வந்துருவாங்க.

தலையாட்டுகிறாள். பார்த்தீர்களா, தலையாட்டுகிறாள்.

சரிம்மா. ஆறு மணிக்குக் கடல்ல நீர் ஏறும், மீனும் கரைக்கு வரும். அதுக்கு முன்னாடியே வர்றோம்.