ஜெர்மன்காரரின் பாய்மரத் துணி

சங்கு ஊதுகிறது. ஷிப்ட் சங்கு இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி அழுகிற சங்கு. 1971 டிசம்பர். பொழுது சாயும் நேரம். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி. மெயின் சுவிட்சை அணைக்கிறார்கள். நிட்டிங் மெஷின்கள் முனகி நிற்கின்றன.

"படுங்க! எல்லாருங் கீழ படுங்க!"

கத்தியவர் என் வீட்டுக்காரர் கார்ல். விளக்கை அணைக்கத்தான் முனிசிபாலிட்டியில் சொல்லியிருந்தார்கள். விமானத் தாக்குதல் வந்தால் என்ன செய்வதென்று வெறும் ஒத்திகை. ஆனாலும் அந்தக் குரலுக்கு எல்லோரும் பஞ்சுத் தூசியில் விழுந்தோம். அவர் என் மேல் கவிழ்ந்து கிடந்தார். "ஒத்திகைதானுங்க" என்று காதில் சொன்னேன். கேட்கவில்லை. அவர் திருப்பூரிலேயே இல்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து மெஷினோடு வந்தவர். மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியவர். நான் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையில் இருந்தேன். சர்ச்சில் மாலை மாற்றினோம். "வெள்ளைக்காரன் ஒரு நாளைக்குக் கப்பலேறிருவான், பாரு" என்றது ஊர். ஏறவில்லை. தமிழைக் கம்பெனியில் கற்றார். அதனால் எல்லோருக்கும் 'ங்க'. குரைக்கிற நாயிடம்கூட "போங்க" என்பார்.

அவருடைய யுத்தத்தில் விமானம் ஓட்டினார். சுட்டு வீழ்த்தினார்கள். கடலில் விழுந்தார். கூட இருந்தவர் விமானத்தோடு மூழ்கிப்போனார். ஒரே ஒரு முறை சொன்னார். "மேல இருந்து பாத்தா அழகுங்க, சொர்ணம். கீழ என்ன நடக்குதுன்னு தெரியாதுங்க."

விமானத்தை விட்டார். கடலை விட முடியவில்லை. படகு செய்தார். அமராவதி அணையில் விட்டார். காற்றுப் பிடிக்கும் முதல் பாயை நாங்கள் பனியன் துணியில் தைத்தோம். எங்கள் புத்தி வேறெங்கே போகும்? காற்று அடித்ததும் துணி இழுபட்டு மாட்டு மடி மாதிரி தொங்கியது. கரையில் நின்ற நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. பிறகு பல்லடத்துக் கனத்த காடாத் துணியை இரட்டையாகத் தைத்தார். படகு ஓடியது.

எங்கள் ஒரே மகன் பீட்டர் அந்தப் படகில்தான் வளர்ந்தான். கடல் பைத்தியம் பிடித்தது. சரக்குக் கப்பலில் சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

ஒத்திகைக்கு மறுநாள். எங்கள் ஜன்னலில் வெளிச்சம் கசிகிறதென்று இருட்டடிப்பைப் பார்க்க வந்த வார்டன் சத்தம் போட்டார். கனத்த துணி வேண்டும். வீட்டில் இருந்தது அந்தப் பாய் ஒன்றுதான். கேட்டேன்.

"வேண்டாங்க. பீட்டர் வந்தா பாய் வேணுமுங்க."

"ஊரே இருட்டுல கெடக்குது. உங்களுக்குப் பாயி பெருசாப் போச்சுங்களா?"

பாயைச் சுருட்டிப் பரணில் வைத்தார். ஆத்திரத்தோடு சாக்கைத் தொங்கவிட்டேன்.

தந்தி வருகிறது. வங்காளக் கடல். கண்ணிவெடி. பீட்டர் போன கப்பல் மூழ்கிவிட்டது. தேடுகிறார்கள். அவர் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நானுங் கடல்ல விழுந்து பொழச்சனுங்க. அவனும் பொழச்சுக்குவானுங்க."

நம்பினேன். வேறென்ன செய்வது?

யுத்தம் முடிந்தது. தெருவில் பட்டாசு. ஊரெல்லாம் ஜன்னல்களில் மாட்டிய கறுப்புத் துணியைக் கழற்றினார்கள். அன்றைக்கு இரண்டாவது தந்தி. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் பாயை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போனார். வரும்போது அது கறுப்பு. ஈரம் சொட்டச் சொட்ட எங்கள் ஜன்னலில் வைத்து ஆணி அடித்தார்.

"ஏனுங்க, சண்டை முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

"ஆமாங்க" என்றார். அடுத்த ஆணியை எடுத்தார். நான் சுவரோடு உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு அணைப் பக்கம் போகவில்லை. சூலூர் ராணுவ விமானம் தலைக்கு மேல் போனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழெட்டு வருஷம் மெஷின்களோடு இருந்தார். போன ஐப்பசியில் தூக்கத்தில் போய்விட்டார்.

அந்த யுத்தத்தில் திருப்பூரில் ஒரு குண்டும் விழவில்லை என்கிறார்கள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லையாம். சரிதான். எங்கள் வீட்டு நஷ்டத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். மகன் பீட்டர், பதினெட்டு வயது, உடல் கிடைக்கவில்லை. படகு ஒன்று, அணைக்கரையில் மட்கியது. கணவர் கார்ல், அன்றைக்கே பாதி, இப்போது மீதி. துணி மட்டும் இருக்கிறது. ஆணியைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.